பதினேழாம் நம்பரும் செனட்டர் என்கிற பன்றியும்

வண்டியில் ஆயில் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதில் லைல் ஹவ்லிக்கை மிஞ்ச நெப்ராஸ்காவில் ஆள் கிடையாது. வண்டிமேல் அவருக்கு அப்படியொன்றும் பாசம் இல்லை. வீட்டுக்குள் யாராவது குரலை உயர்த்தினால் மெல்ல எழுந்து வெளியே போய் பானெட்டைத் திறந்துவிடுவார், அவ்வளவுதான். அந்த ஊர் ஆண்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு. தேர்தல் வருஷங்களில் ஊர் வண்டிகளெல்லாம் வெண்ணெய் மாதிரி ஓடும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், நன்றி நாள் விருந்தன்றும் அப்படித்தான் ஆனது. தங்கை ஜோலீனும் அவள் புருஷன் ரேயும் இருக்கும் வீடு சாலைக்கு அந்தப் பக்கம், இவர் வீடு இந்தப் பக்கம். அவள் புல்வெளியில் ஒரு கட்சியின் நீலத் தேர்தல் பலகை, இவர் புல்வெளியில் எதிர்க்கட்சியின் சிவப்புப் பலகை. வான்கோழியை வெட்டி முடித்து எல்லோரும் தட்டில் கை வைத்த நேரத்தில், ஜோலீனின் பிள்ளை எழுந்து நின்றது. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாகப் பேர் வைத்து, பெண்ணாகவே எல்லோரும் கொஞ்சி வளர்த்த பிள்ளை. "நான் பையன். ரொம்ப நாளாவே எனக்குத் தெரியும். இனிமே என்னை ஆர்லோன்னு கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தது.

யாரும் பிள்ளையைத் திட்டவில்லை. பிள்ளையிடம் யாரும் பேசவே இல்லை. பிள்ளையின் தலைக்கு மேலாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடம், கவர்னர், டிவிக்காரன், யார் யாருக்கு ஓட்டுப் போட்டு நாடு நாசமாய்ப் போனது என்பதெல்லாம் வந்தது. லைல் ஆயில் பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது பூசணிக்காய் இனிப்பு தீர்ந்திருந்தது, ஆர்லோ மாடிக்குப் போயிருந்தான், அண்ணன் தங்கை பேச்சுவார்த்தையும் முடிந்திருந்தது.

அதற்கடுத்த பிப்ரவரியில் ஒரு நாள் காலை, ஆம்புலன்ஸ் வந்து எதிர்வீட்டு வாசலில் நின்றதை லைல் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தார். கையில் காபி இருந்தது. அது ஆறிப்போன பிறகும் கையிலேயே இருந்தது.

ஆர்லோ பிழைத்துக்கொண்டான். ஓமாஹா நகர ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் வைத்திருந்தார்கள். பனி கொட்டிய அந்த நாட்களில் ஜோலீனைத் தினமும் காரில் அழைத்துப்போனவள் ஓய்வுபெற்ற உயிரியல் டீச்சர் மார்லிஸ். ஊரில் நீலக் கட்சிக்கு மார்லிஸ்தான் பீரங்கி. அந்தக் கார் வெளியே போக வசதியாக, விடிவதற்குள் டிராக்டரில் வந்து ஜோலீன் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போனவன் பாய்ட் ரீகர். சிவப்புக் கட்சிக்கு அவன் பீரங்கி. கேட்டால், "வண்டி அந்தப் பக்கமாப் போச்சு" என்பான். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. ஜன்னலில் நின்ற லைலுக்குத்தான் இரண்டும் தெரியும். அவர் எதையும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் சண்டை வரும் என்று பயம்.

பையன் வீடு திரும்பினான். ஆனால் கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. யார் பேசினாலும் அவர்களுடைய செருப்பைப் பார்த்துப் பதில் சொன்னான். பாதி நாள் படுக்கையை விட்டே எழவில்லை.

லைலுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. ஜோக் சொல்லத் தெரியும், ஆனால் அந்த வாசலில் நின்று சொல்லும்படியான ஜோக் ஒன்றும் அவரிடம் ஸ்டாக் இல்லை. அதனால் ஏப்ரலில் தன் கொட்டகையிலிருந்து ஒரு பன்றிக்குட்டியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தார். கதவைத் திறந்த ஜோலீன் அண்ணனையும் பன்றியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பையனுக்கு," என்றார் லைல். "காலைல தீனி வெக்கலைன்னா ஊரையே கூட்டிரும்."

ஜோலீன் பன்றியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். பன்றிக்குட்டி தன் வேலையைச் செய்தது. மருந்து, டாக்டர், வாராவாரம் மனநல ஆலோசனை எல்லாம் ஒரு பக்கம் நடந்தன. ஆனால் விடிந்ததும் கொட்டகையில் ஒரு ஜீவன் கொலை விழுந்த மாதிரி அலறினால் எவனாலும் போர்வைக்குள் கிடக்க முடியாது. ஆர்லோ எழுந்தான். அடுத்த நாளும் எழுந்தான். பன்றிக்கு செனட்டர் என்று பேர் வைத்தான்.

"ஏன்டா செனட்டர்?" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டார் லைல்.

"சாப்பிடுது, தூங்குது, நடுநடுவுல கத்துது, மாமா. வேற ஒண்ணும் பண்றதில்ல."

எந்தக் கட்சி செனட்டர் என்று லைல் கேட்கவில்லை. அந்தப் பேருக்கு ஊரே சிரித்தது. ரெண்டு கட்சியும் தனித்தனியாக, தன் எதிரியை நினைத்துக்கொண்டு சிரித்தது.

ஆகஸ்டில் மாவட்டக் கண்காட்சி. அதில் பிள்ளைகள் பன்றியை நடத்திக் காட்டும் போட்டிதான் முக்கியம். அந்தப் போட்டியில் மார்க் பன்றிக்கு இல்லை, நடத்துகிற பிள்ளைக்கு. கையில் ஒரு சின்னக் குச்சி, முதுகில் ஒரு நம்பர். பன்றியை இதமாகத் தட்டி ஓட்ட வேண்டும், அதை எப்போதும் தனக்கும் நடுவருக்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும், முக்கியமாக நடுவரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே கூடாது. பன்றி காலை மிதித்தாலும், பக்கத்தில் இடி விழுந்தாலும், கண் நடுவர்மேல் இருக்க வேண்டும். இதில் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்று தனிப் பிரிவு கிடையாது. அந்தப் பிரிவெல்லாம் பன்றிகளுக்குத்தான். செனட்டருக்குச் சின்ன வயதிலேயே விதையடித்துவிட்டதால் அவன் அந்த விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை.

செருப்பைப் பார்த்துப் பேசுகிற பையன் இதில் எப்படி நிற்பான் என்று லைல் கவலைப்பட்டார். ஒரு சாயங்காலம் கற்சாலை ஓரமாகப் போனபோது, ஆர்லோ செனட்டரை ஓட்டிக்கொண்டு ஒரு வேலிக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்தார். கம்பத்தின் தலையில் ஒரு பழைய விதைக் கம்பெனித் தொப்பி.

"என்னடா, இது என் தொப்பிதானே?"

"அவர்தான் ஜட்ஜ், மாமா. கண்ணை எடுக்காம பாத்துப் பழகறேன்." சொல்லும்போது அவன் பார்வை கம்பத்திலேயே இருந்தது.

"முந்தி இது என் தலைல இருந்துச்சு."

"தெரியும். இப்பதான் கொஞ்சம் கம்பீரமா இருக்கு."

கம்பம் தன்னைவிட நல்ல மாமாவாக இருந்திருக்கிறது என்று லைலுக்குத் தோன்றியது. எழுந்து ஆயில் பார்க்கப் போகாமல் அங்கேயே நின்றிருக்கிறதே.

"சனிக்கிழமை மைக் உங்ககிட்டதானே?" என்றான் ஆர்லோ.

"வேற எவன் வருவான்?" என்றார் லைல். கண்காட்சி மைக் அவருடைய தனிச் சொத்து மாதிரி. ஒவ்வொரு பிள்ளையும் போட்டி வளையத்துக்குள் வரும்போது பேர், அப்பா அம்மா பேர், பன்றியின் பேர் என்று அவர் அறிவிப்பார். பெஞ்சுகளில் சித்திகளும் அத்தைகளும் அந்த ஒரு நிமிஷத்துக்காகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

"ஆர்லோன்னு சொல்லுங்க, மாமா. அவ்ளோதான். சத்தமா வேணாம், மெதுவாவும் வேணாம். ரீகர் வீட்டு டெஸ்ஸா பேரை எப்படிச் சொல்லுவீங்களோ அப்படி." செனட்டரைக் கம்பத்தைச் சுற்றித் திருப்பினான். "பழைய பேர் காதுல விழுந்தா நான் உள்ள வரமாட்டேன். செனட்டரைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன்."

"பாத்துக்கலாம்டா," என்றார் லைல். அந்த வட்டாரத்தில் 'பாத்துக்கலாம்' என்றால் வாக்குக் கொடுக்கவில்லை என்று அர்த்தம், அது இருவருக்கும் தெரியும்.

பன்றி திரும்பிப் போவதைப் பற்றி லைலுக்குக் கவலையில்லை. பையன் திரும்பிப் போய் மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டால்? சமையலறை ஜன்னலும் ஆறிப்போன காபியும் அவர் கண்முன் வந்தன.

மறுநாள் தீவனக் கடையில் பாய்ட் பிடித்துக்கொண்டான். கண்காட்சிக் கமிட்டித் தலைவன் அவன்தான். டெஸ்ஸா அவன் மகள்.

"டேய் லைல், அந்தப் பொண்ணு பேரை நாலாங்கிளாஸ்லேர்ந்து எப்படிப் படிச்சியோ அப்படியே படி. இது பன்னிக் கண்காட்சி, சட்டசபை இல்ல."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா அடுத்த வருஷம் மைக் புடிக்க ஊர்ல ஆளா இல்ல?"

அங்கிருந்து தப்பி, சர்ச் பெண்களின் பலகாரக் கடைக்குப் போனால் அங்கே மார்லிஸ். அவருக்குப் பத்தாம் வகுப்பில் தவளை அறுக்கச் சொல்லிக்கொடுத்தவள். கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"லைல், பேரைச் சொன்ன உடனே இதையும் படிச்சுடு. சின்ன உரைதான். நம்ம ஊரோட முதல் துணிச்சலான பிள்ளைன்னு ஆரம்பிக்குது."

அது ரெண்டு பக்கமும் நிறைந்திருந்தது. "டீச்சர், பன்னி அவ்வளவு நேரம் நிக்காது."

"வரலாறு நிக்கும், லைல்."

ஒருத்தனுக்கு ஆர்லோ என்று ஒரு பையன் இருக்கவே கூடாது, இன்னொருத்திக்கு அவன் கொடிக்கம்பமாக நிற்க வேண்டும். அவனோ பன்றியை ஓட்டிக்கொண்டு எல்லோரையும் போல ஒரு சுற்றுச் சுற்றினால் போதும் என்கிறான். அந்த வயதில் இவ்வளவு கொஞ்சமாகக் கேட்க ஒருவனுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று லைல் யோசித்தார். பிறகு, தனக்கு அது எவ்வளவு இல்லை என்றும் யோசித்தார். இரண்டாவது கணக்கு சீக்கிரம் முடிந்தது.

சனிக்கிழமை காலை, பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தபோதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. நம்பர்! எல்லோர் முதுகிலும் நம்பர் இருக்கிறதே! நம்பருக்குக் கட்சி இல்லை, ஆண் பெண் இல்லை, பழசு புதுசு இல்லை. எவன் சண்டைக்கு வருவான்? சமாதானத்துக்கான பரிசை எந்தச் சட்டை போட்டுக்கொண்டு வாங்குவது என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

கண்காட்சிக் கொட்டகை நிரம்பியிருந்தது. மரத்தூளும் எலுமிச்சை ஜூஸும் பன்றியும் கலந்த வாசனை. வளையத்துக்குள் பன்றிகள் முட்டிக்கொண்டால் பிரித்துவிட, ஆளுயரத்தில் பாதி இருக்கும் பலகையோடு இருவர் நிற்பது வழக்கம். அந்த வருஷம் தன்னார்வத்தில் கை தூக்கியவர்கள் பாய்டும் மார்லிஸும். எதிரெதிர் மூலையில் நின்றார்கள். நடுவில், கான்சாஸிலிருந்து வந்த ஒல்லியான ஒரு பெண் நடுவர், இடுப்பில் கை வைத்தபடி.

அந்தச் சுற்றின் முதல் நம்பருக்கு லைல் தொண்டையைச் செருமினார். "பதினொன்று."

ஒரு பையன் பன்றியோடு உள்ளே வந்தான். கொட்டகை காத்திருந்தது. லைல் அடுத்த நம்பருக்குப் போனார்.

"பன்னிரண்டு."

"என்ன லைல், இது ஜெயிலா?" என்று ஒருவர் கத்தினார்.

"பதிமூன்று."

"ஏய்! அந்தப் பேரை வெக்க நானும் எங்க வீட்டுக்காரரும் மூணு மாசம் சண்டை போட்டோம்! சொல்லுய்யா!" போனைத் தூக்கிப் பிடித்திருந்த ஒரு தாய் எழுந்தே நின்றுவிட்டாள்.

சிவப்புத் தொப்பிக்காரர்கள் முறைத்தார்கள். நீலச் சட்டைக்காரர்கள் முறைத்தார்கள். பாய்டும் மார்லிஸும் ஒரே மாதிரி முகத்தோடு அறிவிப்பு மேடையைப் பார்த்தார்கள். ரெண்டு பேருக்கும் ஒரே முகபாவம் வரக்கூடும் என்பதை ஊர் அன்றுதான் கண்டது. அந்த அளவில் லைலின் சமாதானத் திட்டம் வெற்றிதான்.

டெஸ்ஸா பிஸ்கட் என்கிற தன் பன்றியோடு வந்தாள், பதினாறாக. அடுத்து, "பதினேழு."

வெள்ளைச் சட்டை, தண்ணீர் தொட்டு வாரிய தலை. ஆர்லோ வாசலில் ஒரு நொடி தயங்கினான். எதிர்பார்த்த பேரும் வரவில்லை, பயந்த பேரும் வரவில்லை. தோளைக் குலுக்கிக்கொண்டு உள்ளே வந்தான். நடுவரைப் பார்த்தான். நிமிர்ந்த தலை, தரையைத் தேடாத கண். கற்சாலையில் தொப்பி போட்ட கம்பத்திடம் கற்றுக்கொண்டதை அந்தக் கொட்டகை முழுக்கப் பார்க்கும்படி செய்தான். வேலியோரம் ஜோலீன், குச்சியில் செருகிப் பொரித்த கார்ன் டாக்கைக் கடிக்காமல் கையில் பிடித்தபடி நின்றாள்.

பாதிச் சுற்றில் பிஸ்கட்டுக்கு என்ன தோன்றியதோ, செனட்டரின் காதைக் கவ்வியது. செனட்டர் பேருக்கேற்ற மாதிரி அலறினான். பாய்டும் மார்லிஸும் பலகையோடு பாய்ந்தார்கள்.

"உன் பக்கத்துலேர்ந்துதான் ஆரம்பிச்சுது!" என்றாள் மார்லிஸ்.

"என்ன பேசற? எவன் பன்னி குறுக்க வந்துச்சு?"

"எப்பவும் முதல்ல கடிக்கறது உங்க ஆளுங்கதான், பாய்ட்!"

"கடிபட்ட மாதிரி நடிக்கறது உங்க ஆளுங்க!"

பேச்சு பன்றியிலிருந்து பள்ளி நூலகத்துக்கும், அங்கிருந்து தலைநகரத்துக்கும் போனது. ரெண்டு பலகையும் பன்றிகளை விட்டுவிட்டு ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. பிரிக்க வந்தவர்களைப் பிரிக்கப் பலகை யாரிடமும் இல்லை.

"அப்பா, கொஞ்சம் தள்ளுங்களேன், பன்னி பயப்படுது," என்றாள் டெஸ்ஸா. அவளும் ஆர்லோவும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாதே. ஆனால் சிறுவயதிலிருந்து ஒரே பஸ்ஸில் போனவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. அவள் முழங்காலை நடுவில் விட்டாள், இவன் குச்சியால் செனட்டரின் தாடையை மெல்லத் திருப்பினான்.

"வாங்க சார், நாம போலாம். அவங்க பேசி முடிச்சுட்டு வரட்டும்."

பெஞ்சுகள் சிரித்தன. அவன் கண் மட்டும் நடுவரை விட்டு நகரவில்லை. நடுவர் நெருங்கி வந்தாள்.

"உன் பன்னில ஒண்ணை மாத்தலாம்னா எதை மாத்துவ?" எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கிற கேள்விதான்.

"தோள்பட்டை கொஞ்சம் விறைப்பு, மேடம். பொறக்கும்போதே அப்படி. தினம் நடக்க வெச்சு நடக்க வெச்சு கொஞ்சம் இளக்கியிருக்கேன்."

மேடை பக்கத்திலேயே இருந்ததால் லைலுக்கு அது கேட்டது. பிப்ரவரியில் பிழைத்து வந்த பிள்ளை, தினம் நடந்ததைப் பற்றிச் சொல்கிறது, முகத்தைப் பார்த்துச் சொல்கிறது. தானோ பெரிய மனுஷன், மைக்கைப் பிடித்துக்கொண்டு நம்பர் படிக்கிறார்.

ஆயில் பார்க்க அங்கே வண்டி ஒன்றும் இல்லை. லைல் மைக்கை எடுத்தார்.

"மக்களே, காலைலேர்ந்து இங்க ஒரு தப்பு நடந்துட்டிருக்கு. தப்போட பேரு லைல் ஹவ்லிக். அதுக்கு நம்பர் கிடையாது. மறுபடி முதல்லேர்ந்து வரேன்."

பதினொன்றிலிருந்து ஆரம்பித்தார். பேர், அப்பா அம்மா, பன்றி. போன்கள் உயர்ந்தன. அந்தத் தாய் உட்கார்ந்தாள். பாய்ட் பலகையைத் தாழ்த்தி மேடையைப் பார்த்தான். மார்லிஸின் கை பையிலிருந்த உரையின் நகலைத் தடவியது. எல்லோருக்கும் எது வரப்போகிறது என்று தெரிந்திருந்தது.

"டெஸ்ஸா ரீகர், பாய்ட், லூயெல்லா தம்பதியின் மகள், பன்றி பிஸ்கட். ஆர்லோ காஸ்பரெக், ஜோலீன், ரே தம்பதியின் மகன், பன்றி செனட்டர். கோடி ஸ்வெக், டான், பெத் தம்பதியின் மகன், பன்றி மிஸ் மஃபின்."

சத்தமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. லைல் வாழ்நாளில் எத்தனையோ ஜோக் சொல்லியிருக்கிறார், எதற்கும் இவ்வளவு கச்சிதமாக நேரம் பார்த்ததில்லை. ஆர்லோ பேருக்குப் பிறகு ஒரு மூச்சு விட்டிருந்தால் கைதட்டவோ கத்தவோ இடம் கிடைத்திருக்கும். அவர் இடம் கொடுக்கவில்லை. மிஸ் மஃபின் வந்து அடைத்துக்கொண்டாள். மேல் வரிசையில் ஒருவர் குடும்பத்தோடு எழுந்து போனார். இன்னொருவர் இருமினார். அவ்வளவுதான்.

ஆனால் ஆர்லோ திரும்பிப் பார்த்துவிட்டான். ஒரே ஒரு நொடி. நடுவரை மறந்து, பன்றியை மறந்து, மேடையில் நின்ற மாமாவைப் பார்த்தான்.

முதலிடத்துக்கான ஊதா ரிப்பன் டெஸ்ஸாவுக்குப் போனது. ஆர்லோவுக்கு இரண்டாமிடம். நடுவர் மைக்கை வாங்கிக் காரணம் சொன்னாள். "பன்னிச் சண்டையை இவ்வளவு அமைதியா கையாண்ட பையனை நான் இந்த வருஷம் பாக்கல. முதலிடம் அவனுக்குத்தான்னு நெனச்சேன். ஆனா ஒரு தடவை என்னை விட்டுக் கண்ணை எடுத்துட்டான். விதி விதிதான்."

லைல் பன்றி கழுவும் இடத்துக்குப் போனபோது ஆர்லோ செனட்டருக்கு ஹோஸால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். இரண்டாமிடத்துக்கான இளம் ஊதா ரிப்பன் பின்பாக்கெட்டில் தொங்கியது. பாய்ட் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தான். தாண்டிப் போனான். திரும்பி வந்தான்.

"ஏய், பதினேழு," என்றான் கடைசியில். "நல்லாப் பிரிச்ச."

"தாங்க்ஸ், மிஸ்டர் ரீகர்."

பாய்ட் போய்விட்டான். தன் நம்பர் திட்டம் ஒரே ஒரு ஆளுக்காவது உதவியதில் லைலுக்குக் கொஞ்சம் பெருமை.

ஜோலீன் வந்தாள். ரொம்ப நாளாகப் பேசாததால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவள் போல, கையிலிருந்த கார்ன் டாக்கை அண்ணனிடம் நீட்டினாள். "சாயங்காலம் சாப்பிட வாண்ணா. நடந்து வா. வண்டியை வீட்டுலயே விட்டுட்டு வா."

"சரி," என்றார் லைல். ஜோக் ஒன்றும் வரவில்லை. ஆர்லோ பக்கம் திரும்பினார். "என்னால உனக்கு ஊதா போச்சேடா."

"ஆமா, உங்களாலதான்." நிமிர்ந்து, மாமாவின் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்தான். "பரவால்ல மாமா. அடுத்த வருஷம் திரும்பிப் பாக்கமாட்டேன். அதுக்குள்ள பழகிரும்."

அடுத்த வருஷம் என்றான். சும்மா, எல்லாப் பையன்களும் சொல்கிற மாதிரி, ஹோஸை மூடியபடி.

"வண்டியைப் பாத்துட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு லைல் வேகமாக நடந்தார். புல்வெளியில் வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவே தன்னுடையதைக் கண்டுபிடித்து, பானெட்டைத் திறந்து, தலையை உள்ளே விட்டுக்கொண்டு, கந்தல் துணியால் முதலில் முகத்தையும் பிறகு அளவுக் கம்பியையும் துடைத்தார்.

ஆயில் சரியாகத்தான் இருந்தது.